இடது பக்கமும் வலது பக்கமும்



பத்து நாளாக நம் வாட்ஸ்அப் குழுவில் நடக்கிற சண்டையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இத்தாலியில், டுரின் நகரத்துக்குப் பக்கத்தில் வேலை பார்க்கிற நம் மாணவன் ஒருவன் (1994, பத்தாம் வகுப்பு, கடைசி பெஞ்ச், பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டான்) ஒரு பழைய காரின் படங்களைப் போட்டு ஒரு கேள்வி கேட்டான். பழைய கார்களை முழுக்கப் பிரித்து மறுபடி கட்டுகிற பட்டறை அது. அங்கே லேசர் கருவி வைத்து வண்டியின் உடம்பை அளந்து கணினியில் ஏற்றுவது இவன் வேலை.

"சார், இந்த வண்டியோட இடது பக்கத்துக்கும் வலது பக்கத்துக்கும் நாலஞ்சு மில்லிமீட்டர் வித்தியாசம் வருது. ரெண்டையும் ஒண்ணாக்கணும்னு ஓனர் சொல்றார். நீங்க என்ன சொல்றீங்க?"

நான் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போடுவதற்குள் நாற்பது பேர் பதில் போட்டுவிட்டீர்கள். பெரும்பாலும் ஒரே பதில்: "ஒண்ணாக்கிடு மச்சி." என் மைத்துனர் ஒரு படி மேலே போய், "பழசை அப்படியே வச்சிருந்தா அதுக்குப் பேரு காயலான்கடை, மாப்பிள்ளை" என்று குரல்பதிவே போட்டுவிட்டார். கட்டைவிரலால் தட்டி முடிகிற விஷயமாக இது எனக்குத் தெரியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். நீளமாக இருக்கும். என் வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்கு அது புதிதில்லை.

முதலில் வண்டி. பெயர் சிசிட்டாலியா 202. பியேரோ டூசியோ என்ற டுரின் தொழிலதிபர் போர் முடிந்த கையோடு தொடங்கிய கம்பெனி அது. ஃபியட் பொறியாளர் டாண்டே ஜியாகோசாவும், அவருக்குப் பிறகு ஜொவான்னி சவோனுட்ஸியும் உள் அமைப்பை வரைந்தார்கள். உடம்பைச் செய்தது பினின்ஃபரீனா. 1947-ல் வெளியுலகம் பார்த்தது. மொத்தமே 170 வண்டிகள் போல்தான் செய்தார்கள். அதற்குள் டூசியோ ஒரு பந்தயக் காரில் கையில் இருந்த பணத்தையெல்லாம் கொட்டிவிட்டு அர்ஜென்டினாவுக்குப் போய்விட்டார். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 1951-ல் எட்டுக் கார்களை வைத்து ஒரு கண்காட்சி நடத்தியது, அதில் இதுவும் ஒன்று. 1972-ல் ஒரு 202-ஐ நிரந்தரமாகவே தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது. ஓவியமும் சிற்பமும் இருக்கிற இடத்தில் ஒரு கார்! சிவப்பு நிறக் கார். இந்தச் சிவப்பை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வரும்.

இப்போது ஒரு கணக்கு. சிசிட்டாலியாவின் இன்ஜினில் நாலு சிலிண்டர். ஒவ்வொன்றின் விட்டம் 68 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்குகிற தூரம் 75 மில்லிமீட்டர். π-யை நாலால் வகுத்து, 6.8-இன் வர்க்கத்தால் பெருக்கி, 7.5-ஆல் பெருக்கி, நாலு சிலிண்டருக்கு நாலால் பெருக்குங்கள். 1,089 கன சென்டிமீட்டர் வரும். இந்த எண்ணை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று சிலருக்காவது தோன்ற வேண்டும். நம் ஊர் ஃபியட் 1100-இன் எண் அது. பம்பாய் குர்லாவில் பிரீமியர் கம்பெனி செய்து, 1974-லிருந்து பத்மினி என்று பெயர் வைத்து விற்றார்களே, அதே 1,089. ஃபியட் 1937-ல் போட்ட இன்ஜின் குடும்பத்தின் பிள்ளைகள்தான் இரண்டும். பத்மினிக்கு 40 குதிரைத்திறன். சிசிட்டாலியாக்காரர்கள் கார்புரேட்டரையும் மற்றதையும் மாற்றிச் சுமார் 55 வரை இழுத்தார்கள். கலை அருங்காட்சியகத்தில் நிற்கிற காரின் நெஞ்சும், மழைநாளில் நம்மைத் தள்ள வைத்த டாக்ஸியின் நெஞ்சும் ஒரு தாய் வயிறு.

55 குதிரையை வைத்துக்கொண்டு என்ன செய்தார்கள் தெரியுமா? 1947-ல் மில்லே மிலியா. இத்தாலியின் பொதுச் சாலைகளில் ஆயிரம் மைல் ஓடுகிற பந்தயம். டாட்சியோ நுவொலாரி என்ற ஓட்டுநர், வயது 54, உடம்பு சரியில்லாத மனுஷன், கூரையில்லாத ஒரு சிசிட்டாலியா 202-ல் உட்கார்ந்து ஓட்டினார். பெரிய இன்ஜின் கார்களையெல்லாம் பின்னால் விட்டுவிட்டு முதலில் வந்துகொண்டிருந்தார். கடைசிக் கட்டத்தில் கொட்டுமழை. மின்பொறி கொடுக்கிற பாகத்தில் தண்ணீர் புகுந்து வண்டி நின்றுவிட்டது. காயவைத்து மறுபடி கிளப்பி ஓடி இரண்டாவதாக வந்தார். முதலில் வந்த ஆல்ஃபா ரோமியோவின் இன்ஜின் இதைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல் பெரியது. மூன்றாவது, நாலாவது இடங்களும் சிசிட்டாலியாவுக்குத்தான். தண்ணீர் புகுந்தால் பத்மினி நிற்பதைப் பார்த்துச் சிரித்தவர்கள் நுவொலாரியையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, முழு மீட்பு என்றால் என்ன செய்கிறார்கள்? அவன் அனுப்பிய படங்களிலிருந்தும், நான் தொலைபேசியில் துளைத்து எடுத்ததிலிருந்தும் சொல்கிறேன்.

202-க்கு நம் ஊர் ஜீப் மாதிரி கனமான சேசிஸ் கிடையாது. மெல்லிய எஃகுக் குழாய்களைக் கூண்டு மாதிரி பற்றவைத்து, அதன்மேல் அலுமினியத் தகட்டைப் போர்த்தியிருக்கிறார்கள். வண்டி எடை குறைவாக இருப்பதன் ரகசியம் அதுதான். முதுமையில் வருகிற நோயும் அதுதான். எஃகும் அலுமினியமும் ஒட்டிக்கொண்டு, நடுவில் கொஞ்சம் ஈரமும் உப்பும் சேர்ந்தால் என்ன ஆகும்? மின்கலம் பாடம் நடத்தினேனே! இரண்டு உலோகம், நடுவில் மின்பகு திரவம். அலுமினியம் தின்னப்பட்டு வெள்ளைப் பொடியாக உதிரும். எழுபது வருஷமாக யாருக்கும் விளக்கெரிக்காத ஒரு மின்கலம் அந்தக் கதவடியில் வேலை செய்துகொண்டே இருந்திருக்கிறது. குழாய்களோ உள்ளேயிருந்து துருப்பிடிக்கும். வெளியே பார்த்தால் பளபளப்பாக இருக்கும், தட்டினால் சத்தம் மாறும்.

ஆகவே கூண்டிலிருந்து தகட்டைக் கழற்ற வேண்டும். பெயின்டைப் படிப்படியாக எடுக்க வேண்டும். ஒவ்வொரு அடுக்காகச் சுரண்டினால், மரத்தின் வளையம் மாதிரி, வண்டியின் வயது தெரியும். இந்த வண்டியில் மேலே சிவப்பு, அதற்கடியில் வெளிர் நீலம், அதற்கும் அடியில் பட்டி, எல்லாவற்றுக்கும் கீழே ஒரு சாம்பல் நிறம். அந்தச் சாம்பல்தான் பட்டறையை விட்டு வெளியே வந்த அன்றைய நிறம் என்கிறான். இன்ஜினைப் பிரித்து, சிலிண்டர் போர் போட்டு, விரிசல் இருக்கிறதா என்று பார்த்து, பேரிங் மாற்றி… அது நம் மெக்கானிக்குகள் எல்லாருக்கும் தெரிந்த கதை, விட்டுவிடுகிறேன். கஷ்டமானது உடம்புதான்.

இத்தாலியில் தகடு தட்டுகிறவருக்கு பத்திலாஸ்த்ரா என்று பெயர். காரின் உருவத்துக்கு ஒரு மரச்சட்டம் செய்து வைத்துக்கொண்டு, மணல் நிரப்பிய தோல் பையின்மேல் தகட்டை வைத்து, மரச்சுத்தியால் தட்டித் தட்டிக் குழிப்பார். சட்டத்தின்மேல் வைத்துப் பார்ப்பார். மறுபடி தட்டுவார். துண்டு துண்டாகச் செய்து பற்றவைத்து, பற்றின தடம் தெரியாமல் அரம் போட்டுத் தேய்ப்பார். 202-ன் முன்பக்கத்தைப் பாருங்கள். போனட்டும் மட்கார்டும் தனித்தனியாகத் தெரியாமல் ஒரே அலையாக ஓடும். அந்தக் காலத்துக் கார்களில் மட்கார்டு தனியாக, விளக்கு தனியாக ஒட்டவைத்த மாதிரி நிற்கும். இதில் எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று கரைந்திருக்கிறது. அதைப் பார்த்துத்தான் அருங்காட்சியகக்காரர்கள் மயங்கினார்கள்.

அந்த அலையைக் கையால் தட்டினவர் மனிதர். இடது பக்கத்தை ஒருவர், வலது பக்கத்தை இன்னொருவர் தட்டியிருக்கலாம். ஒரே ஆள் காலையில் ஒரு பக்கம், சாப்பிட்டுவிட்டு வந்து மறுபக்கம் தட்டியிருக்கலாம். அந்த நாலஞ்சு மில்லிமீட்டர் அங்கேயிருந்து வருகிறது. விபத்தில் நசுங்கியதாக இருந்தால் பற்றவைப்பில், தகட்டின் தடிமனில் தடயம் இருக்குமாம். இங்கே அப்படி எதுவும் இல்லை என்று அவனே உறுதி செய்துவிட்டான்.

அப்படியானால் என் பதில்: தொடாதே.

ஏன் என்று சொல்வதற்கு முன் நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். உறவுகளில் சிலருக்குத் தெரியும், மாணவர்களுக்குத் தெரியாது.

அப்பாவிடம் 1978-ல் வாங்கிய ஒரு பத்மினி இருந்தது. பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்து வாங்கிய வண்டி. சாம்பல் நிறம். என் மூத்த மகள் கல்யாணத்துக்கு அதை மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலத்துக்கு விடவேண்டும் என்று எனக்கு ஆசை. அப்பாவுக்கு அப்போது 79 வயது. அவரிடம் கேட்காமல், ஆச்சரியமாக இருக்கட்டும் என்று, டிங்கரிங் பட்டறையில் விட்டேன். "புதுசு மாதிரி ஆக்கிடுங்க" என்று சொன்னது நான்தான். அவர்கள் சொன்னபடியே செய்தார்கள். உள்ளே வெளியே உப்புத்தாள் போட்டு, பட்டி பார்த்து, பால்வெள்ளை அடித்து, சீட்டெல்லாம் மாற்றிக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். தெருவே வந்து பார்த்தது.

அப்பா மெதுவாக வந்து சுற்றிப் பார்த்தார். பின்னால் போய் டிக்கியைத் திறந்து, மூடியின் உட்பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆயில் மாற்றிய ஒவ்வொரு தேதியையும், கிலோமீட்டரையும் அங்கேதான் பென்சிலால் எழுதிவைப்பார். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல். நடுவில் ஒரு இடத்தில் "அம்மாவை ஆஸ்பத்திரி" என்று ஒரு தேதி இருக்கும். என் பாட்டியைக் கடைசியாகக் கூட்டிக்கொண்டு போன நாள் அது. எல்லாம் பால்வெள்ளைக்கு அடியில்கூட இல்லை. உப்புத்தாளோடு தூசியாகப் போய்விட்டது.

"நல்லா இருக்குடா, புதுசு மாதிரி இருக்கு" என்றார். திட்டவில்லை. அதற்குப் பிறகு அந்த வண்டியில் ஆயில் மாற்றிய தேதியை அவர் எங்கேயும் எழுதவில்லை.

நுவொலாரி கதை மாதிரி இதற்கும் மழை மேல் பழி போட முடியாது. நான் செய்தது.

இனி சிசிட்டாலியாவுக்கு வருகிறேன். வேடிக்கை என்னவென்றால், இதையெல்லாம் உட்கார்ந்து யோசித்து எழுதிவைத்த நாடும் இத்தாலிதான். ரோமில் 1939-ல் கலைப்பொருள்களை மீட்பதற்கென்றே ஒரு மத்திய நிறுவனம் தொடங்கினார்கள். அதன் முதல் இயக்குநர் செசாரே பிராண்டி. 1963-ல் அவர் மீட்புக் கோட்பாடு பற்றி ஒரு புத்தகம் போட்டார். அவர் கருத்தை என் வார்த்தையில் சொன்னால்: உடைந்துபோன ஒன்றை மறுபடி முழுமையாகப் பார்க்கும்படி செய்யலாம், ஆனால் போலியை உண்டாக்கக் கூடாது, அது கடந்துவந்த காலத்தின் தடயத்தையும் துடைத்துவிடக் கூடாது. சுவரோவியத்தில் பெயர்ந்துபோன இடத்தை நிரப்ப அவர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். மெல்லிய செங்குத்துக் கோடுகளாகப் போட்டு நிரப்புவார்கள். தள்ளி நின்று பார்த்தால் படம் முழுசாகத் தெரியும். கிட்டப் போனால் கோடு தெரியும். இது நாங்கள் போட்டது, அது பழையவர் போட்டது என்று பிரித்துப் பார்க்கலாம். எவ்வளவு நேர்மையான வேலை! விடைத்தாளில் மாணவன் எழுத்து நீலத்திலும் என் திருத்தம் சிவப்பிலும் இருப்பது மாதிரி.

கார்களுக்கும் இதைக் கொண்டுவந்திருக்கிறார்கள். பழைய வாகனங்களுக்கான உலகச் சங்கங்களின் கூட்டமைப்பு 2012-ல் ஒரு சாசனம் எழுதியது. டுரின் சாசனம் என்றே பெயர். புதிதாகப் போட்ட பாகத்தை அடையாளம் தெரியும்படி குறி போட்டு வை, செய்த வேலையெல்லாம் எழுதிவை என்று அது கேட்கிறது. அப்பா டிக்கியில் எழுதியதைத்தான் கேட்கிறது என்று எனக்குத் தோன்றியது.

கார் என்ன ஓவியமா, ஓடவேண்டாமா என்று என் தம்பி மகன் கேட்டான். நியாயமான கேள்வி. ஓட வேண்டும். துருப்பிடித்த குழாயை "காலத்தின் தடயம்" என்று விட்டுவைத்து, முதல் வளைவிலேயே கூண்டு உடைந்து ஓட்டுகிறவர் செத்தால் யாருக்கு லாபம்? பிரேக் குழாய், டயர், பெட்ரோல் குழாய், வயரிங் இவற்றில் பழமைப்பற்று முட்டாள்தனம். எந்தக் குழாய் தாங்காதோ அதை வெட்டி எடுத்து, அதே அளவு, அதே மாதிரி எஃகில் புதிது போட வேண்டியதுதான். ஒன்றுக்கும் உதவாமல் கிடக்கிற வண்டியை முழுக்கப் பிரித்துக் கட்டுவதற்கு நான் எதிரி இல்லை. கதவடி பொடியாகிப்போன இந்த வண்டிக்கு அது தேவைதான். அலுமினியம் தின்னப்பட்ட இடத்தில் புதுத் தகடு போடாமல் என்ன செய்ய முடியும்? ஆனால் அந்த நாலஞ்சு மில்லிமீட்டர் எதையும் கெடுக்கவில்லை. வண்டி அதோடுதான் பிறந்தது, அதோடுதான் ஓடியது. அதைச் சரிசெய்ய வேண்டுமானால் நல்ல தகட்டை வெட்டவேண்டும், அல்லது மறுபடி தட்டி நீட்ட வேண்டும். தட்டத் தட்டத் தகடு மெலியும். ஆரோக்கியமான இடத்தில் எதற்கு ஆபரேஷன்?

இன்னொரு சிக்கல், மீட்பது என்றால் எந்த நாளுக்கு மீட்பது? திரைப்பட இயக்குநர் ரொபெர்டோ ரோசலினி (நம் நாட்டுக்கு வந்து ஐம்பதுகளில் படம் எடுத்தாரே, அவரேதான்) ஒரு ஃபெராரி 375 எம்.எம். வைத்திருந்தார். கூரையில்லாத உடம்போடு பினின்ஃபரீனா செய்தது. விபத்தில் அடிபட்டது. ஸ்காலியெட்டி பட்டறைக்குப் போய் வேறொரு உடம்போடு, கூரையோடு திரும்பி வந்தது. பல கை மாறி, பிறகு முழுக்க மீட்டெடுக்கப்பட்டு, 2014-ல் கலிஃபோர்னியா பெபிள் பீச் போட்டியில் எல்லாவற்றிலும் சிறந்த கார் என்று பரிசு வாங்கியது. முதல் உடம்புதான் அசல் என்று பிடிவாதம் பிடித்திருந்தால், பரிசு வாங்கிய அந்த உடம்பையே கழற்றிப் போட்டிருக்க வேண்டும். அவர்கள் இரண்டாவது உடம்பையும் அந்த வண்டியின் சரித்திரமாக ஏற்றுக்கொண்டார்கள். அது எனக்குச் சரியாகப் படுகிறது.

இந்தப் போட்டிகள் செய்த கெடுதலும் உண்டு. நடுவர்கள் வெள்ளைக் கையுறையோடு வந்து பார்க்கிறார்கள் என்றவுடன், உரிமையாளர்கள் பட்டறையை விட்டு வந்த நாளில்கூட இல்லாத பளபளப்பை வண்டிக்கு ஏற்றினார்கள். 1947-ல், போர் முடிந்து இரண்டு வருஷத்தில், நல்ல பெயின்டும் நல்ல தோலும் கிடைக்காத டுரினில் செய்த காருக்குக் கண்ணாடி மாதிரி மினுக்கம் ஏது? இப்போது காற்று மாறுகிறது. மீட்கப்படாத வண்டிகளுக்கென்றே தனிப் பிரிவு வைக்கிறார்கள். 2015-ல் பாரிசில் ஒரு ஃபெராரி 250 கலிஃபோர்னியா ஸ்பைடர் ஏலத்துக்கு வந்தது. நடிகர் ஆலன் டெலோன் ஒருகாலத்தில் ஓட்டியது. கொட்டகையில் பழைய பத்திரிகைக் கட்டுகளுக்கு அடியில் பல வருஷம் கிடந்து, டிக்கி நசுங்கி, தூசியோடு அப்படியே வந்தது. 1.6 கோடி யூரோவுக்கு மேல் போனது. தூசிக்கு விலை கொடுக்கிறார்கள் என்று மைத்துனர் சிரிப்பார். சிரிக்கட்டும், அவருடைய காயலான்கடைக்கு இந்த விலை வராது.

இதையெல்லாம் அவனிடம் போனில் சொன்னேன். பென்சில் கதையையும் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "சார், அந்த வெள்ளைக் கார்ல நான் வந்திருக்கேன் சார், மாவட்ட அறிவியல் கண்காட்சிக்கு" என்றான். அவன் வந்தது சாம்பல் நிறத்தில் இருந்தபோது. திருத்தினேன். "ஆமா சார், டிக்கியில மாடல் வச்சப்ப ஏதோ கிறுக்கியிருந்துச்சு" என்றான். அந்த எழுத்தைப் பார்த்த இன்னொரு ஆள் பூமியில் இருக்கிறான் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அவனால் முடிவெடுக்க முடியாது. பணம் போடுகிறவர் ஓனர். ஆனாலும், இரண்டு பக்கத்தின் அளவுகளையும் அச்சடித்து, எங்கெங்கே பழைய சுத்தித் தடம் இருக்கிறது என்று உட்பக்கத்தைப் படமெடுத்து, தலைமை பத்திலாஸ்த்ராவையும் சேர்த்துக்கொண்டு ஓனரிடம் போய்ப் பேசியிருக்கிறான். நேற்று ராத்திரி செய்தி வந்தது.

இரண்டு பக்கத்தையும் ஒன்றாக்குவதை விட்டுவிட்டார்கள். புதிதாகப் போட்ட குழாய்களில் எல்லாம் சின்னதாகக் குறி அடிக்கப்போகிறார்களாம். நிறத்தில் மட்டும் ஓனர் இறங்கிவரவில்லை. அருங்காட்சியகத்தில் இருப்பது சிவப்பு, அதனால் தனக்கும் சிவப்புதான் வேண்டும் என்கிறார். சாம்பல் போகிறது. எனக்கு வருத்தம்தான். கெஞ்சிக் கேட்டதில், டிக்கிக்குள்ளே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு இடத்தை மட்டும் சாம்பலாகவே விட்டுவைக்க ஒப்புக்கொண்டிருக்கிறார். பெயின்ட் அடிப்பதற்கு முன் அந்த இடத்தைப் படமெடுத்து அனுப்புகிறேன் என்று சொல்லியிருக்கிறான். வந்ததும் போடுகிறேன்.